ஈசிஜியில் தெரியாத படபடப்பு

ராமேஸ்வரம் தீவிலோ, மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கமோ மனப்பதற்ற நோய் உள்ளவர் யாரும் "மனசுல பயமா இருக்கு" என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சீட்டு எடுப்பதில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, வயிறு கலங்குகிறது, கை கால் வெலவெலத்துப் போகிறது, ராத்திரி கண் மூடவில்லை என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி எடுப்பார்கள், நார்மல் என்று வரும். பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அரை மணி நேரத்தில் அதுவும் இறங்கிவிடும். "ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்" என்று வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த மாதம் அதே ஆள் அதே படபடப்போடு வேறு ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்.

இது நம் கரையில் மட்டும் நடப்பதல்ல. கனடாவில் மான்ட்ரியல் இதயநோய் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலி என்று வந்த 441 பேரை ஆராய்ந்து 1996இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் நான்கில் ஒருவருக்குப் பேனிக் கோளாறு, அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் நோய், இருந்தது. அந்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் இதய மருத்துவர்கள் அதைக் கண்டுபிடிக்காமலே விட்டிருந்தார்கள். இதயத்தைச் சோதிப்பது தப்பே இல்லை. முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், அவற்றையும் பார்த்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடுவதில்தான் கோளாறு.

பேனிக் அட்டாக் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? தயிர்ப் பானையைத் தூக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ நெஞ்சு ஒரு துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறது. அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் இவர் மனம் "ஐயோ, அட்டாக் வருது" என்று அதைப் படிக்கிறது. அப்படிப் படித்தவுடன் அட்ரினலின் பாய்கிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது. மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அதைக் கண்டு பயம் இரட்டிப்பாகிறது. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக வடிந்துவிடும். உடலில் தோன்றும் சாதாரண மாற்றத்தைப் பேரழிவாகத் தவறாகப் படிப்பதே இந்தச் சுழலின் மையம் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். இன்றைக்கு உள்ள பேச்சு சிகிச்சையின் பெரும்பகுதி அந்த விளக்கத்தின் மேல் கட்டியதுதான்.

இன்னொரு வகை இவ்வளவு சத்தமாக வராது. பொதுப் பதற்றக் கோளாறு என்பார்கள். எதைப் பற்றியாவது கவலை ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நிறுத்த நினைத்தாலும் நிற்காத கவலை. தோளும் கழுத்தும் இறுகி வலிக்கும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், பிள்ளைகள் மேல் எரிந்து விழத் தோன்றும்.

இங்கே நம் கரையில் ஒரு நியாயமான கேள்வி எழும். தங்கச்சிமடத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒருவரின் மனைவியை நினைத்துப் பாருங்கள். கடலுக்குப் போக டோக்கன் வாங்கிப் படகு கிளம்பினதிலிருந்து கரை திரும்பும் வரை அவருக்குச் சோறு இறங்காது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் சிறை எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. பிடித்த படகு திரும்பி வருவது அரிதாகிவிட்டது. வீட்டில் மகளிர் குழுக் கடன், நகைக் கடன், சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) வாங்கிய முன்பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் வருமானமே இருக்காது. இப்படி இருக்கும் ஒருவர் பயப்படுகிறார் என்றால், அதை நோய் என்று எப்படிச் சொல்வது? பயத்துக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறதே?

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. காரணம் உள்ள பயத்தை நோய் என்று முத்திரை குத்தினால், கடலில் நடப்பதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடும். ஆனால் மறுபக்கமும் உண்டு. புருஷன் பத்திரமாகக் கரையேறி, குளித்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார். இவருக்கு மட்டும் அன்றைக்கும் படபடப்பு ஓயவில்லை. படகு கிளம்பாத நாளிலும், தடைக்காலத்திலும் அதே படபடப்பு. டாக்டர் "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?" என்று கேட்டால், "முன்னெல்லாம் அவுக கடலுக்குப் போற அன்னைக்குத்தான் சார், இப்ப தெனமும்" என்று பதில் வரும். அந்த "இப்ப தெனமும்" என்பதுதான் மருத்துவர் காதில் விழ வேண்டிய சொல். காரணம் விலகிய பிறகும் உடம்பு அபாய நிலையிலேயே நின்றுவிட்டது. சமைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, குழுக் கூட்டத்துக்குப் போவது எல்லாம் தடைபடுகிறது. எலும்பு முறிந்ததற்கு லாரிதான் காரணம் என்று தெரிந்தாலும் மாவுக்கட்டு போடத்தானே செய்கிறோம். லாரிக்காரன் மேல் வழக்கு தனியாக நடக்கட்டும்.

இதில் மனச்சோர்வு எங்கே வந்து சேர்கிறது? எனக்கு இந்தக் கரையைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுவதாகத் தோன்றும் ஆய்வு லண்டனில் நடந்தது. ஃபின்லே-ஜோன்ஸ், ஜார்ஜ் பிரவுன் என்ற இருவரும் பொது மருத்துவரிடம் வந்த இளம் பெண்களிடம், நோய் தொடங்குவதற்கு முன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று விரிவாகக் கேட்டு, 1981இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய ஆபத்து ஒன்று எதிரே நின்றவர்களுக்குப் பதற்ற நோய் வந்திருந்தது. பெரிய இழப்பைச் சந்தித்தவர்களுக்கு மனச்சோர்வு வந்திருந்தது. ஆபத்தும் இழப்பும் இரண்டுமே நேர்ந்தவர்களுக்கு இரண்டும் கலந்து வந்திருந்தது.

இதைக் கொண்டுவந்து பாம்பன் ஜெட்டியில் வைத்துப் பாருங்கள். படகு பிடிபட்டது என்று செய்தி வருகிறது. ஆள் என்ன ஆவார் என்பது ஆபத்து. படகு போனது இழப்பு, அந்தப் படகை நம்பி வாங்கிய கடன் இன்னோர் ஆபத்து. ஆள் விடுதலையாகி வந்த பிறகும் தொழில் போனது போனதுதான். வேறு இடங்களில் தனித்தனியாக, வெவ்வேறு வருடங்களில் வருகிற இரண்டும் இங்கே ஒரே போன் அழைப்பில் வந்து சேர்கின்றன. பதற்றமும் சோர்வும் கலந்த நிலை இந்தக் கரையில் அதிகம் இருக்கும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். படபடப்பை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் பாதி நோயை விட்டுவிடுகிறோம் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஆய்வுலகம் இந்த இரண்டையும் வெகுகாலம் தனித்தனியாகவே வைத்துப் பார்த்தது. 1980இல் அமெரிக்க மனநலச் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய "பதற்ற நரம்புக் கோளாறு" என்ற ஒற்றைப் பெயரைப் பேனிக் கோளாறு, பொதுப் பதற்றக் கோளாறு என்று பிரித்தது. மனச்சோர்வு வேறு அத்தியாயத்துக்குப் போனது. ஆராய்ச்சிக்கு அது வசதியாக இருந்தது. நோயாளிகளோ அப்படிப் பிரிந்து வரவில்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரத்தில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அவர்களுக்கு 32 வயதானபோது திரட்டிய தகவல்களை டெரி மொஃபிட்டும் அவர் குழுவும் 2007இல் வெளியிட்டார்கள். பொதுப் பதற்றக் கோளாறு வந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் வந்திருந்தது. மனச்சோர்வு வந்தவர்களில் 48 சதவீதம் பேருக்குப் பதற்றமும் இருந்தது. பதற்றம் முதலில் வரும், அது முற்றித்தான் சோர்வாகும் என்று பலகாலம் நம்பப்பட்டது. இந்த ஆய்வில் சோர்வு முன்னால் வந்து பதற்றம் பின்னால் வந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இருந்தார்கள்.

அதற்கு முன்பே 1992இல் கென்னத் கெண்ட்லர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, இவ்விரண்டு நோய்க்கும் பரம்பரையாக வரும் நாட்டம் ஒன்றேதான் என்று காட்டியிருந்தார். அந்த நாட்டம் பதற்றமாக வெளிப்படுகிறதா சோர்வாக வெளிப்படுகிறதா என்பதை வாழ்க்கையில் நேர்வது முடிவு செய்கிறது. லண்டன் ஆய்வு சொன்னதோடு இது பொருந்திப் போவதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையா? உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் லீ அன்னா கிளார்க்கும் டேவிட் வாட்சனும் 1991இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். மனக்கலக்கம், எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. உடம்பு முறுக்கேறிப் படபடப்பது பதற்றத்தின் தனி அடையாளம். எதிலும் சந்தோஷம் இல்லாமல் போவது சோர்வின் தனி அடையாளம். ஆகவே படபடப்பென்று வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி மிக எளிது: முன்னே ஆசையாகச் செய்ததை இப்போதும் ஆசையாகச் செய்கிறீர்களா? பேரப்பிள்ளை ஓடிவந்தால் தூக்கத் தோன்றுகிறதா? மாதா கோயில் திருவிழாவுக்கோ சந்தனக்கூட்டுக்கோ சேலை எடுக்க மனசு வருகிறதா? "எதுவும் வேண்டாம்னு இருக்கு" என்று பதில் வந்தால் உள்ளே சோர்வும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது நோய் கடுமையாக இருக்கும், குணமாக நாளாகும், தற்கொலை எண்ணமும் அதிகம். அதனால் அடுத்த கேள்வியையும் தயங்காமல் கேட்டுவிட வேண்டும்: உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா? அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிட மாட்டோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய கணக்கெடுப்பின்படி, பதற்ற நோய் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 11 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளுக்கு அந்த வயது 30. பள்ளிக்கூடம் போகும் காலையில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளை நடிக்கிறது என்று அடிக்கிறோம். அப்பா கடலிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் வீடுகளில் இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச ஆள் இருப்பதில்லை.

நாட்டுக் கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2017இல் இந்தியாவில் மனச்சோர்வு உள்ளவர்கள் 4.57 கோடி, பதற்ற நோய் உள்ளவர்கள் 4.49 கோடி என்று லான்செட் மனநல இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. மனச்சோர்வு அதிகமாக உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இப்படிப்பட்ட பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை.

ஏன் வருவதில்லை என்பதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான காரணங்கள் உண்டு. தூரம், செலவு, ஒரு நாள் கூலி போவது. ராமநாதபுரம் கரைக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவரும் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் எரிந்து செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017இன் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தெளிவாகத் தடை செய்தது. இன்று ஏர்வாடி தர்காவில் தொழுகையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். தர்காவுக்கு வருபவரின் நம்பிக்கையைப் பறிக்காமல் பக்கத்திலேயே மாத்திரையையும் வைக்கும் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம்.

ஆனாலும் மனநோய் என்றாலே சங்கிலிதான் என்ற படம் இந்த ஊர்களின் மனதில் தங்கிவிட்டது. நெஞ்சு படபடக்கும் ஒரு பெண்ணிடம் "மனநல டாக்டரைப் பாருங்க" என்று சொன்னால் அவர் காதில் ஏர்வாடி என்று விழுகிறது. "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். மகளுக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஆகவே ஓதிப் பார்ப்பது, தாயத்து, மந்திரிப்பது, வேப்பிலை அடிப்பது என்று சில மாதம் போகும். கடைசியில் மருந்துக் கடை.

அந்த மருந்துக் கடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் வகை மாத்திரைகள் அரை மணி நேரத்தில் படபடப்பை அடக்கிவிடும். அதனாலேயே ஆபத்தானவை. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும், பழைய அளவு போதாது. திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமான படபடப்பும் தூக்கமின்மையும் வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். "பாத்தியா, மாத்திரை இல்லாம முடியல, நோய் முத்திருச்சு" என்று அவர் நினைத்துக்கொள்வார். வயதானவர்கள் ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார்கள். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். மனச்சோர்வுக்கோ இவை மருந்தே அல்ல. அல்பிரசோலமும் டயசிபமும் மருந்துச் சட்டத்தில் கட்டுப்பாடு கூடுதலான எச்1 அட்டவணையில் இருப்பவை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதும் சட்டப்படி தவறு. ஆனால் பழைய அட்டையைக் காட்டி "இதே மாதிரி பத்து குடுங்க" என்று கேட்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல வருடமாகப் போட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆண்கள் இதே வேலையைக் குடியால் செய்துகொள்கிறார்கள். குடித்த அன்று பயம் அடங்கும். போதை இறங்கும் விடியற்காலையில் கை நடுக்கத்தோடு அது இரண்டு பங்காகத் திரும்பி வரும். கடலில் ஒருமுறை அடிபட்டு வந்தவர் குடிகாரராகிவிட்டார் என்று ஊர் பேசும்போது, அந்தக் குடிக்கு அடியில் பதற்ற நோய் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

சரியான மருந்து எது? எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்செடின் வகை மாத்திரைகள். மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் ஓட்டத்தைச் சீராக்குபவை. மனச்சோர்வுக்காக வந்த இவை பதற்ற நோய்க்கும் வேலை செய்கின்றன, அதனால் இரண்டும் கலந்து வருபவருக்கு ஒரே மாத்திரை போதும். இவை போதை அல்ல. ஆனால் ஒரு சிக்கல் உண்டு: பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் வாரத்தில் படபடப்பும் குமட்டலும் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் எத்தனையோ பேர் ஐந்தாம் நாள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பதற்ற நோயாளிக்குப் பாதி அளவில் தொடங்க வேண்டும், இளவயதினரை முதல் சில வாரம் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

மாத்திரைக்கு நிகராகப் பலன் தருவது பேச்சு சிகிச்சை. வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்துவிடக் கூடாது. கடலில் ஒருமுறை படகு மோதப்பட்டு, அதன்பின் கடலுக்கே போக முடியாமல் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கரையிலேயே இருக்க இருக்கப் பயம் வளரும், ஏனென்றால் "போகாததால்தான் தப்பித்தேன்" என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. சிகிச்சையில் அவரோடு சேர்ந்து பயத்தைச் சிறு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் நாள் ஜெட்டியில் நின்று வலை இறக்குவதைப் பார்ப்பது. நெஞ்சு அடித்தாலும் விலகி ஓடாமல், அது தானாக வடியும் வரை நிற்பது. பிறகு நங்கூரமிட்ட படகில் ஏறி உட்காருவது. பிறகு பகலில் நாட்டுப்படகில் கரையோரமாக ஒரு சுற்று. இரவு வெகு தூரம் போவது கடைசிப் படி. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி இறங்குவதை உடம்பே அறிந்துகொள்கிறது. இப்படிப் பழக்குவது நிஜமான ஆபத்தை அலட்சியப்படுத்தச் சொல்வதல்ல. எல்லைப் பக்கம் போகலாமா என்பது வேறு கேள்வி, அதை அவர் தெளிந்த மனதோடு முடிவு செய்யட்டும்.

சோர்வு பக்கத்துக்கு வேறு ஒரு முறை: மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்ற அடிப்படையில், ஒரு நாளின் வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திட்டமிட்டு மீட்பது. கடல்பாசி எடுக்கக் கூட்டாளிகளோடு போவதை நிறுத்தியவர், முதலில் கரை வரைக்கும் அவர்களோடு நடந்துவிட்டுத் திரும்பினால் போதும். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் சேர்த்து ஒரே பாடத்திட்டமாக டேவிட் பார்லோ வகுத்த சிகிச்சை, தனித்தனி நோய்க்கான சிகிச்சைகளுக்குக் குறையாத பலன் தருகிறது என்பதும், நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதில் குறைவு என்பதும் 2017இல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

இதற்கெல்லாம் ஆள் எங்கே? ராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைநகர் 50 கிலோமீட்டருக்கு மேல், மதுரை 170 கிலோமீட்டர் அளவில். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். இங்கேதான் கோவா நமக்கு வழி காட்டுகிறது. விக்ரம் படேலும் சக ஆய்வாளர்களும் அங்கே மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இவர்கள் ஆறு முதல் எட்டு அமர்வு நடத்தியதில், மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். நம்மிடம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள். எந்த வீட்டில் படகு போனது, யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பதற்றத்துக்கு ஏழு கேள்வி, சோர்வுக்கு ஒன்பது கேள்வி கொண்ட எளிய வினாத்தாள்கள் உலகமெங்கும் பயன்பாட்டில் உள்ளன. அவர்கள் பையில் அவையும் இருக்க வேண்டும், கோவாவில் கொடுத்த பயிற்சி அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். கடலோர ஒன்றியங்களில் முதலில் தொடங்கலாம்.

சிகிச்சை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. வறுமைக்கும் இந்நோய்களுக்கும் உள்ள உறவை அலசி 2020இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, வருமானம் மிகக் குறைந்தவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் வரும் வாய்ப்பு வசதியானவர்களைவிட ஒன்றரை முதல் மூன்று மடங்கு என்று சொல்கிறது. கையில் பணம் கிடைக்கும்போது நோய் குறைகிறது, நோய்க்குச் சிகிச்சை கிடைக்கும்போது உழைப்பு கூடுகிறது என்றும் அதே கட்டுரை காட்டுகிறது. தடைக்கால நிவாரணம் காலத்தில் வருவதும், பிடிபட்ட படகுக்கு இழப்பீடு கிடைப்பதும் மீன்வளத் துறையின் வேலை மட்டுமல்ல, மனநல வேலையும்தான்.

இப்போதைக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நாளில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று பக்கத்து சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கியவர்கள், நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர வேண்டும், பிறகு மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். நிறுத்தும் காலத்தை வாழ்க்கை கொஞ்சம் அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். நம் கரையில் அது தடைக்காலமாக இருக்கக் கூடாது. ஜூன் பாதியில் படகு கிளம்பி, நாலு நடை போய்வந்து, கடன்காரருக்கு ஒரு தவணையாவது கொடுத்த பிறகு அந்தப் பேச்சை டாக்டரிடம் எடுங்கள்.